ஆப்பிள் சிடர் வினிகரும் மீட்டர் பெட்டியும்

ஜனவரி 3, வெள்ளி

இன்று முதல் நாள். இன்னும் எண்பத்தொன்பது இருக்கிறது.

விடிந்ததும் விடியாததுமாக என் மனைவி சுலோச்சனா என்னைக் குளிக்க வைத்து, வெள்ளை வேட்டி கட்டச் சொல்லி, தெருமுனை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். தட்டில் கற்பூரம் எரிந்தது. தன் சமையல் வீடியோ சேனலுக்காகக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, சித்தெ சிரிச்சாப்பல சொல்லுங்க" என்றாள். சத்தியம் செய்கிறவன் எப்படிச் சிரிப்பான்? "தொண்ணூறு நாளைக்குச் சர்க்கரை மாத்திரையைத் தொட மாட்டேன். ஆப்பிள் சிடர் வினிகர் மட்டுந்தான்" என்று சொல்லிக் கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். கை சுட்டது. நான் முகம் சுளித்ததும் படத்தில் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் வினிகர். பாட்டிலின் அடியில் சளி மாதிரி ஏதோ மிதக்கிறது. அதுதான் நல்லதாம், அது இருந்தால்தான் அசலாம். நாலு நாள் பழைய மோரைக் காய்ச்சிக் குடித்த மாதிரி இருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 214.

இந்த நோட்டில் தினமும் எழுதச் சொன்னதும் அவள்தான். நான் நாச்சிமுத்து. மின்வாரியத்தில் கணக்கீட்டாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்து மூன்று வருஷம் கோயம்புத்தூரின் பாதி வீடுகளுக்கு மீட்டர் ரீடிங் எடுத்தேன். ஒரு நாளும் எண்ணை மாற்றி எழுதியதில்லை. என் கையெழுத்தை என்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது, அது மட்டும்தான் இப்போதைக்கு ஆறுதல்.

ஜனவரி 5, ஞாயிறு

காலை இட்லிக்குப் பிறகு மீட்டர் பார்த்தேன். 14,218. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி பார்த்தேன். 14,221.

"ரிட்டையர் ஆகியும் அந்தப் பொட்டியத் தொறந்து பாக்காம உங்களுக்குத் தூக்கம் வராதா?" என்று சுலோச்சனா கேட்டாள். பழக்கம் என்றேன்.

ஜனவரி 10, வெள்ளி

இன்றைய வீடியோவில் வினிகரின் பயன்களை அவள் விரல் விட்டு எண்ணினாள். சர்க்கரை, கொழுப்பு, தொப்பை, வாயு, பொடுகு, முகப்பரு, கால் ஆணி. கால் ஆணிக்கு வருவதற்குள் ஒரு கை விரல் தீர்ந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன். என் வேலை அதுதான். நான் சாட்சி.

அவளைக் கேலி செய்ய எனக்கு வாயில்லை. அவள் அம்மா கிட்னி கெட்டு, டயாலிசிஸ் படுக்கையில் இரண்டு வருஷம் கிடந்து செத்துப்போனார். "பூராவும் மாத்திரையாலதான்" என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள். சர்க்கரைதான் கிட்னியைக் கெடுத்தது, மாத்திரை இல்லை என்று டாக்டர் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்னையும் அப்படிப் பறிகொடுத்துவிடுவோம் என்று பயம். எனக்கும் அந்த வெள்ளை மாத்திரை மேல் பெரிய பக்தி கிடையாது. ஞாபகம் வந்தால் போடுவேன், இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் 214.

பெங்களூரில் இருக்கும் மகள் தாரணி வீடியோவை வெட்டி ஒட்டி அனுப்புகிறாள். ரசம், குழம்பு என்று இரண்டு வருஷம் போட்டபோது ஆயிரத்துச் சொச்சம் பேர்தான் பார்த்தார்கள். என் கற்பூரத்தைப் பார்த்தவர்கள் ஒன்பதாயிரம் பேர்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலை எல்லோருக்கும் கொடுத்தோம். மீட்டர் 14,264.

ஜனவரி 19, ஞாயிறு

சர்க்கரை 151! சுலோச்சனா வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு குளூக்கோமீட்டரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் நான் அவளிடம் அதிகம் சொன்ன வார்த்தை "உனக்கென்ன தெரியும்" என்பதாகத்தான் இருக்கும். இன்று அவள் என்னைப் பார்த்து, "எனக்கொண்ணும் தெரியாதுன்னீங்களே" என்று சொல்லி அழுதாள். நான் சிரித்து வைத்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

வெளியே தலை காட்ட முடியவில்லை. பேக்கரியில் ஒரு டீ சொன்னேன். கடைக்காரர் சர்க்கரை டப்பாவைப் பின்னால் தள்ளிவிட்டு, "ஏனுங்க, உங்க வீடியோவப் பாத்துட்டு எங்கூட்லயும் வினிகரு வாங்கீட்டாங்க. நீங்களே இப்படிப் பண்ணுனா எப்படீங்க?" என்றார். பூங்காவில் நடந்தால் நாலு பேர் கூடவே நடக்கிறார்கள். எத்தனை ஸ்பூன், சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, ஸ்ட்ரா போட்டுக் குடிக்கலாமா. நம் பகுதி மருந்துக்கடைக்காரர் என்னைக் கண்டதும் கும்பிட்டார். நல்லவேளை, நான் அங்கே எதுவும் வாங்குவதில்லை.

வாசல் கேட் திறந்துதான் கிடக்கிறது. ஆனால் இந்த ஊரில் நான் போய் நிம்மதியாக உட்கார ஓர் இடம் இல்லை.

ஜனவரி 27, திங்கள்

எங்கள் வீட்டுக்கு எதிர்வாடையில் புங்க மரத்தடியில் தள்ளுவண்டி வைத்து மாரக்காள் துணி தேய்க்கிறாள். பதினாறு வருஷமாக எங்கள் துணி அவளிடம்தான். அவளுக்கும் சர்க்கரை உண்டு. இன்று என் சட்டைகளை மடித்துக் கொடுத்துவிட்டு, "ஈபி சார், நானும் ஒரு வாரமாச்சுங்க, மாத்தரைய உட்டுட்டேன்" என்றாள்.

"ஏன்?" என்றேன்.

"ஏன்னா? நீங்க உட்டுட்டீங்க, நல்லாத்தானே இருக்கறீங்க? உங்கூட்டு அக்கா ஒரு பாட்டில்ல பாதி ஊத்திக் குடுத்தாங்க. காலைல ஒரு மூடி, சாயந்தரம் ஒரு மூடி."

"மாரக்கா, நீ மாத்திரைய விடாத. எல்லாரோட ஒடம்பும் ஒரே மாதிரி இல்ல."

"அட போங்க சார். உங்க ஒடம்பு மட்டும் இரும்புலயா செஞ்சிருக்குது?" என்று சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டாள்.

ஜனவரி 28, செவ்வாய்

சரி, எழுதிவிடுகிறேன். இந்தக் கையெழுத்தை யார் படிக்கப் போகிறார்கள்.

நான் மீட்டர் பார்க்கப் போகவில்லை. கேட் பக்கத்தில் இருக்கும் மீட்டர் பெட்டிக்குள், மீட்டருக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் கவரில் சர்க்கரை மாத்திரை வைத்திருக்கிறேன். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பக்கத்திலேயே தோட்டத்துக் குழாய் இருக்கிறது. வினிகர் நாற்றம் போக வாய் கொப்பளிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு விழுங்கிவிடுவேன். மாத்திரையை வாங்குவது மூன்று கிலோமீட்டர் தள்ளி, யாருக்கும் என்னைத் தெரியாத கடையில்.

இரண்டாம் நாளே தலை சுற்றியது, பயந்துவிட்டேன். சத்தியம் செய்தவன் தைரியசாலி, நான் கோழை. வேடிக்கை என்னவென்றால், வாழ்க்கையிலேயே இப்போதுதான் நான் ஒரு வேளை தவறாமல் மாத்திரை போடுகிறேன். அதைச் சாக்காக வைத்துத் தினமும் மூன்று கிலோமீட்டர் நடப்பதும் பழக்கமாகிவிட்டது. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்?

நான் பொய் எண் எதையும் சொல்லவில்லை. 151 என்று வந்தது, 151 என்றுதான் சொன்னேன். ரீடிங் எடுக்கிறவன் எண்ணை எழுதுவான், அந்த வீட்டில் ஏன் கரண்டு குறைந்தது என்று எழுத அவன் அட்டையில் இடம் கிடையாது. இப்படித்தான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

நடை முடிந்து வந்தால், "ஈபிலருந்து ஒரு புள்ள வந்து ரீடிங் எடுத்துட்டுப் போச்சுங்க" என்று சுலோச்சனா சொல்கிறாள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆள் வரும் என்பதை மறந்தேனே, நானே அந்த வேலை பார்த்தவன்!

பெட்டியை யார் திறந்தது, பக்கத்தில் யார் நின்றது என்று நான் கேட்கவில்லை. அவள் வழக்கம்போல வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்துப் போய்ப் பார்த்தேன். கவர் இருந்த இடத்திலேயே இருந்தது. தப்பித்தேன்.

பிப்ரவரி 12, புதன்

ஒரு சின்னக் குழப்பம். வெள்ளிக்கிழமை மூன்று அட்டை வாங்கி வைத்தேன். அட்டைக்குப் பத்து மாத்திரை. நாளைக்கு இரண்டு வீதம் ஐந்து நாளில் ஒன்று காலி. இரண்டு அட்டை இருக்க வேண்டும். மூன்று இருக்கிறது. மீட்டரில் ஒரு யூனிட் தப்பாதவனுக்கு மூன்று அட்டை எண்ணத் தெரியவில்லை. வயசாகிவிட்டது.

சர்க்கரை 122. பார்ப்பவர்கள் நாற்பதாயிரம் பேர் ஆகிவிட்டார்கள். மகளிர் சங்கத்தில் தொண்ணூறாம் நாள் சுலோச்சனாவுக்குச் சால்வை போர்த்தப் போகிறார்கள். அவள் முன்பு போலக் கேமராவுக்கு முன்னால் கலகலவென்று பேசுவதில்லை. களைப்பாக இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாரக்காளின் வலது காலில் ஒரு துணி சுற்றியிருந்தது. கேட்டேன். "இஸ்திரிப் பொட்டிலருந்து ஒரு கங்கு உழுந்திருக்குது சார். நான் பாட்டுக்கு நின்னு தேய்ச்சுட்டிருக்கறேன். கருகுன நாத்தம் வந்தப்பறந்தான் குனிஞ்சு பாத்தேன். ஒரு பொட்டு வலியில்லீங்க. வினிகரு குடிக்கறதால வலியே தெரியறதில்ல போல" என்று பெருமையாகச் சொன்னாள்.

சர்க்கரை ஏறினால் கால் மரத்துப்போகும் என்பது எனக்குத் தெரியும். என் டாக்டர் ஒவ்வொரு முறையும் பாதத்தைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்.

பிப்ரவரி 20, வியாழன்

யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனேன். என் வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார். கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, "மாத்திரை போடறீங்கதானே?" என்று நேராகக் கேட்டார். தலையாட்டினேன்.

"வினிகர் கெட்டது இல்ல. சோத்தோட சேத்துக் கொஞ்சம் எடுத்தா, சாப்பிட்டதும் ஏறுற சர்க்கரை கொஞ்சம் மெதுவா ஏறும். அவ்வளவுதான் அதோட வேலை. தண்ணி கலக்காமக் குடிச்சா பல்லு, தொண்டை, வயிறு எல்லாம் புண்ணாகும். மாத்திரைக்குப் பதிலா அது நிக்காது. இத உங்க வீடியோவுல நீங்கதான் சொல்லணும், நான் சொன்னா எவன் கேப்பான்?"

மாரக்காளின் புண்ணைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கே கூட்டி வாருங்கள் என்றார்.

பிப்ரவரி 21, வெள்ளி

மாரக்காளைக் கூப்பிட்டேன். "டாக்டருகிட்டப் போனா மொதல்ல மாத்தரையத்தான் நீட்டுவாரு. அப்பறம் கிட்னி போயிரும், அக்கா சொன்னாங்கல்ல" என்று மறுத்துவிட்டாள். கட்டாயப்படுத்தினால், "நீங்க போறீங்களா டாக்டருகிட்ட?" என்று திருப்பிக் கேட்டாள்.

இல்லை என்றேன். நேற்றுத்தான் போய் வந்தவன், இல்லை என்றேன்.

மார்ச் 1, சனி

மாரக்காள் புண்ணில் வினிகர் ஊற்றுகிறாளாம். பக்கத்தில் போனால் நாற்றம் அடிக்கிறது.

இன்று சொல்லிவிடுவது என்று தெருவைத் தாண்டிப் போனேன். வண்டியருகே மூன்று பெண்கள் நின்றிருந்தார்கள். "ஐயா, ஒரே ஒரு போட்டோ" என்றார்கள். மாரக்காளும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். நான் சிரித்தேன். படம் எடுத்ததும் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும்? கற்பூரம் அணைத்துச் சத்தியம் மீறியவன் என்று ஊர் காறித் துப்பும். அதைக்கூடத் தாங்கலாம். சுலோச்சனாவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அவள் வாழ்நாளில் ஜெயித்தது இந்த ஒன்றில்தான். அதுவும் என் மாத்திரையால் ஜெயித்தது என்று நான் எந்த வாயால் சொல்வது? ஒரு பக்கம் இவள், இன்னொரு பக்கம் அந்தக் கால். நடுவில் டம்ளரோடு நான்.

மார்ச் 2, ஞாயிறு

அட்டை மறுபடியும் ஒன்று கூடுதலாக இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

சுலோச்சனா மாரக்காளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சத்தம் போட்டாளாம். "நீங்களே இப்படிச் சொல்றீங்களேக்கா" என்று அவள் திருப்பிக் கேட்டதாகச் சொல்லிவிட்டு, சுலோச்சனா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நானும் சாப்பிடவில்லை. மாத்திரை மட்டும் போட்டேன்.

மார்ச் 17, திங்கள்

வண்டி இல்லை. மரத்தடி வெறிச்சென்று கிடக்கிறது. மாரக்காளைக் காய்ச்சலோடு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று பேக்கரியில் சொன்னார்கள்.

மார்ச் 20, வியாழன்

வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 21, வெள்ளி

என்னால் எதுவும் எழுத முடியவில்லை. மீட்டர் 14,589. பார், பழக்கம்.

ஏப்ரல் 2, புதன்

தொண்ணூறாம் நாள். காலை பத்து மணிக்கு நேரலை. தாரணி பெங்களூரிலிருந்து எல்லாம் ஏற்பாடு செய்திருந்தாள். மகளிர் சங்கத்தார் சால்வையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சுலோச்சனா புதுப் புடவை கட்டியிருந்தாள், ஆனால் கண் வீங்கியிருந்தது. விரலில் குத்திக்கொண்டேன். 109. எல்லோரும் கை தட்டினார்கள்.

"இப்ப ஐயா நாலு வார்த்தை பேசுவாரு" என்று கேமராவை என் பக்கம் திருப்பினாள்.

நேற்று முழுக்க மனப்பாடம் செய்து வைத்திருந்ததை விட்டுவிட்டேன். எழுந்து செருப்பைப் போட்டேன். "நான் மீட்டர் பாக்கப் போறேன். போனை எடுத்துட்டு என் பின்னால வா" என்றேன். ஏன் எதற்கு என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. வந்தாள். சால்வையோடு சங்கத்தாரும் வந்தார்கள்.

பெட்டியைத் திறந்தேன். கவரை எடுத்துப் போனுக்கு முன்னால் பிரித்தேன். காலி அட்டைகளையும் நான் தூக்கிப் போடவில்லை, பதினேழு இருந்தன. "இதுதான் என் சர்க்கரையக் கொறச்சுது. நான் ஒரு நாளுக்கு மேல மாத்திரைய நிறுத்துல. கோயில்ல வெச்சுச் செஞ்ச சத்தியத்த ரெண்டாம் நாளே மீறிட்டேன். என்னப் பாத்து யாராச்சும் நிறுத்தியிருந்தா, தயவுபண்ணி இன்னைக்கே போடுங்க. டாக்டரப் பாருங்க. என்னை நம்பி நிறுத்துன ஒரு அம்மாவுக்கு ரெண்டு விரலு போச்சு" என்றேன்.

சுலோச்சனா போனைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கை ஆடவில்லை. போனுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"கவருல இருக்கற முழு அட்டையில ரெண்டு நான் வெச்சதுங்க. அதையும் காட்டுங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஈபிப் புள்ள பொட்டியத் தொறந்தப்ப கவரு கீழ உழுந்துது. நான்தான் எடுத்து வெச்சேன். பீரோவுல பூட்டுன அட்டைய அப்பப்ப ஒண்ணு ஒண்ணாக் கொண்டாந்து போட்டேன். உங்களுக்குத் தீந்துபோனா என்ன பண்றதுன்னு பயம். சொன்னா இதெல்லாம் நின்னு போயிருமேன்னும் பயம்."

பிப்ரவரி நாலாம் தேதியிலிருந்து அவளுக்குத் தெரியும். என் உயிர் போய்விடக் கூடாது என்று அட்டை அட்டையாகக் கொண்டுவந்து வைத்தவள், மறுநாள் காலையில் அதே கையால் வினிகரைக் கலந்து கேமராவைப் போட்டிருக்கிறாள். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்தான் அடைந்து கிடந்திருக்கிறோம்.

சங்கத்தார் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள். நேரலையில் வந்து திட்டாதவர்கள் இல்லை. கடைசியாக ஒருவர், "அப்ப வினிகர் எத்தனை ஸ்பூன் குடிக்கணும் ஐயா?" என்று கேட்டிருந்தார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இருவரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். மாரக்காள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கால் எங்கள் பக்கம் நீட்டிக் கிடந்தது. பக்கத்துக் கட்டில்காரியின் போனில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாளாம்.

திட்டுவாள் என்று நினைத்துப் போனேன். திட்டவில்லை.

"நான் எதுத்தாப்பல தானுங்க சார் நின்னுட்டிருந்தேன். நீங்க பொட்டியத் தொறக்கறதத் தெனமும் ரெண்டு தடவ பாத்தேன். கரண்டு ஆபீசு ஆளு, கரண்டப் பாக்கறாருன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு சுலோச்சனாவைப் பார்த்தாள். "அவருக்கு நீங்க கொண்டாந்து வெச்சீங்க. சந்தோசம். அந்தப் பொட்டிக்கும் என்னோட வண்டிக்கும் பத்தடி இருக்குமாக்கா?"

சுலோச்சனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அங்கே நிற்கவே வெட்கமாக இருந்தது, ஆனால் போகவும் கூடாது என்று நின்றேன்.

நர்ஸ் வந்து மதிய மாத்திரை அட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, உடனே போடச் சொல்லிப் போனாள். சுலோச்சனா ஒரு மாத்திரையைப் பிரித்து, தண்ணீர் டம்ளரோடு நீட்டினாள். மாரக்காள் வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதாச்சும் நெசந்தானுங்களா, சார்?" என்றாள்.

நான் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் செய்தது, எது வரைக்கும் நல்லது என்று பின்னால் அச்சடித்திருந்ததை ஒன்று விடாமல் அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்ட பிறகுதான் அவள் மாத்திரைக்கு வாயைத் திறந்தாள்.